ஆறு இரவு, ஆறு அறை: திருமண நாள் கார் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில நாட்களுக்கு முன் ஒரு தம்பதி தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். இருபத்தைந்தாவது திருமண நாள், கோடை விடுமுறை, தாங்களே கார் ஓட்டிக்கொண்டு மலையும் கடலும் பார்க்கப் போகிறார்கள். எக்செல்லில் அழகாக வண்ணம் அடித்து, வரிசைக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு விடுதி என்று போட்டிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: “எப்படி இருக்கு?”

படித்ததும் கோபம்தான் வந்தது. அவர்கள் மேல் இல்லை. எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு நான் போட்ட திட்டமும் அச்சு அசல் இதேதான், வண்ணம் உட்பட.

டயரில் காற்று பாருங்கள், உரிமத்தை மறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. கார் ஓட்டுகிறவர்களுக்கு அது தெரியும். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

ஒவ்வொரு இரவும் ஒரு புது ஊர்

இதில்தான் பணம் போகிறது, நேரம் போகிறது, கடைசியில் முகமும் தொங்கிப் போகிறது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மொபைல் மேப் ‘5 மணி நேரம்’ என்று காட்டுவது சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தால் ஆகிற நேரம். நீங்கள் போவதோ நின்று பார்ப்பதற்காக. பத்து இடத்தில் நிறுத்தி, இடத்துக்குக் கால் மணி நேரம் நின்றாலே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி, பெட்ரோல், கழிப்பறை என்று அரை மணி. ஐந்து மணி நேரம் ஒன்பதாகிவிட்டது. இன்னும் லாரிக்குப் பின்னால் மாட்டவில்லை, வழி தவறவில்லை, சண்டை போடவில்லை.

அறை மாற்றுவதற்குத் தனிக் கணக்கு உண்டு. பெட்டி கட்ட, இறக்க, சாவி கொடுக்க, அடுத்த விடுதியைத் தேடிப் பிடிக்க, அங்கே அறை தயாராகும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க என்று ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது மூன்று மணி நேரம் போய்விடும். பெரும்பாலான விடுதிகளில் காலை பதினொன்றுக்குள் காலி செய்ய வேண்டும், மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் அடுத்த அறை கிடைக்கும். ஆறு இரவுக்கு ஆறு அறை என்றால் ஐந்து மாற்றம், பதினைந்து மணி நேரம். விழித்திருக்கிற ஒரு முழு நாள் பெட்டி தூக்குவதிலேயே முடிந்தது.

எங்கள் கதைக்கு வருகிறேன். வண்டி ஓட்டியது நான். நான்காம் நாள்தான் திருமண நாள். அன்று ஒரு கணவாயைத் தாண்டி, இரவு ஏழு மணிக்குக் கடலோர உணவகத்தில் மேசை. காலையில் கணவாய்க்குப் பாதி தூரம் ஏறியதும், மண்சரிவு என்று திருப்பி அனுப்பினார்கள். சுற்றுவழியில் கூடுதலாக 180 கிலோமீட்டர். அன்றைய அறைக்கும் அடுத்த இரண்டு இரவுகளுக்கும் முன்பணம் கட்டியாயிற்று, ரத்து செய்தால் பைசா திரும்பாது. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்தான் அந்த மாதிரி முன்பதிவைத் தேடிப் பிடித்திருந்தேன். அதனால் வேறு வழியே யோசிக்காமல் ஓட்டினேன்.

மதியம் ஏதோ ஒரு ஏரி வந்தது. “அங்கே பாரு, என்ன நிறம்!” என்றார் பக்கத்தில் இருந்த கணவர். “வளைவு வருது, பேசாதீங்க” என்றேன். உணவகத்தை அடைந்தபோது மணி ஒன்பது நாற்பது. சமையலறையை மூடிவிட்டார்கள். பத்தாவது திருமண நாள் விருந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிஸ்கட். மறுநாள் எழுந்திருக்கவே முடியாமல் அங்கேயே இன்னொரு நாள் பணம் கட்டித் தங்கினோம். அடுத்த ஊர் அறைக்குக் கட்டிய காசு போனது போனதுதான்.

அதைவிட வலித்தது வீடு திரும்பிய பிறகு. அவர் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பச்சையும் நீலமும் கலந்து ஒரு ஏரி. “இது எங்கே எடுத்தது?” என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். ஆறு நாளும் எனக்குக் காட்சி என்று இருந்தது தார் ரோடும் முன்னால் போன வண்டியின் பின்விளக்கும்தான்.

மண்சரிவு என் துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அழகான சாலை எல்லாம் செங்குத்தான இடத்தில்தான் இருக்கும், செங்குத்தான இடம் சரியத்தான் செய்யும். கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற கடலோர நெடுஞ்சாலை 1-இல், பிக் சர் பகுதியில் 2017 மே மாதம் ஒரு மலைச்சரிவே கடலுக்குள் இறங்கியது. அந்த இடத்தில் சாலை மறுபடி திறக்க 2018 ஜூலை ஆயிற்று.

இப்போது நான் போடுகிற திட்டம் இப்படி: ஆறு இரவுக்கு இரண்டே ஊர், மிஞ்சினால் மூன்று. பெட்டியை அறையில் போட்டுவிட்டு, காலையில் வெறும் காரோடு கிளம்பி ஒரு வளையம் சுற்றிவிட்டு அதே கட்டிலுக்குத் திரும்புவது. மழை வந்தால் வளையத்தை நாளைக்குத் தள்ளலாம். பிடித்துப்போன இடத்துக்கு மாலை வெளிச்சத்தில் இன்னொரு தடவை போகலாம். கணவாயோ படகுத்துறையோ தாண்டிப் போக வேண்டிய ஊரில் மட்டுமாவது ரத்து செய்யக்கூடிய அறையைப் போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் சரி. அப்புறம், திருமண நாளன்று கார் சாவியைத் தொடவே கூடாது. அந்த நாள் பயணத்தின் நடுவில் வரட்டும், முந்தின இரவே அந்த ஊரில் இருங்கள்.

ஒருவரே ஓட்டுவது

இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் மாறி மாறி ஓட்டுங்கள். மிக அழகான பகுதியை யார் ஓட்டுவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற வழியும் அதுவேயானால் அங்கே சீட்டை மாற்றிக்கொள்ளலாம். வாடகை கார் என்றால் இன்னொரு விஷயம்: ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநர் பெயரும் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைவிட்டுவிடும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கேட்கட்டும், கொடுங்கள். இந்தப் பயணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற ஒரே காசு அதுதான்.

ஒருவருக்கு மட்டுமே ஓட்டத் தெரியும் என்றால் ஒரு நாளைக்கு மேப் கணக்கில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள்.

கோடை என்றால் எல்லாச் சாலையும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை

அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு த சன்’ என்று சுமார் 80 கிலோமீட்டர் சாலை ஒன்று உண்டு. அதன் உச்சியான லோகன் கணவாயில் பனியை வாரி முடித்துச் சாலையை முழுதாகத் திறக்கப் பெரும்பாலும் ஜூன் கடைசி, சில வருடம் ஜூலை நடுப்பகுதியே ஆகிவிடும். ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகராசான் சாலையின் உச்சிப் பகுதியும் ஏறக்குறைய அப்படித்தான். மே மாதம் திருமண நாள் உள்ளவர்கள் அறை போடுவதற்கு முன்னால் சாலை திறக்கிற தேதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போகிறவர்களுக்கு ஜூன், ஜூலை குளிர்காலம். சிரிக்காதீர்கள், டிக்கெட் போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

உயரமும் அப்படித்தான் ஏமாற்றும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர். அடிவாரத்து வெயிலுக்குப் போட்ட பருத்திச் சட்டையோடு அங்கே இறங்கினால், படம் எடுத்த கையோடு காருக்குள் ஓட வேண்டியதுதான்.

எந்தத் திசையில் ஓட்டுவது என்று யோசிக்காமல் இருப்பது

கடலோரச் சாலையில் இதுதான் பாதி அழகு. நம் தடம் கடல் பக்கம் இருந்தால் நினைத்த இடத்தில் ஒதுங்கி நிறுத்தலாம். எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, பார்வையை எதிர் வண்டிகளும் மறைக்காது. இடப்பக்கம் ஓட்டுகிற ஆஸ்திரேலியாவில் கிரேட் ஓஷன் சாலையைக் கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள். வலப்பக்கம் ஓட்டுகிற கலிஃபோர்னியாவில் வடக்கிலிருந்து தெற்காக. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடல் ஜன்னலுக்கு நேரே வரும்.

மாலையில் நேர் மேற்காக நீண்ட தூரம் வைக்காதீர்கள். தாழ்ந்த சூரியன் கண்ணுக்குள்ளேயே வரும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியருக்கு வழி இருக்கும், கிளம்புவதற்கு முன்னால் தேடி வைத்துக்கொள்ளுங்கள். சூடேறிய பிரேக் சொல்லிக்கொண்டு கைவிடாது.

பெட்ரோல்

பாதி டேங்க் வந்ததும் நிரப்புங்கள்.

மேப்

டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். மலையில் சிக்னல் இருக்காது.

பயணத்தையே ஆச்சரியப் பரிசாக வைப்பது

வேண்டாம். வளைவுச் சாலையில் அவருக்கு வாந்தி வருமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

பூங்கொத்து

காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 20 டிகிரி கூடிவிடும். அந்தப் பிஸ்கட் இரவில் அவர் எனக்காகப் பின்சீட்டில் ஒளித்து வைத்திருந்த ரோஜாக்களை வெளியே எடுத்தார். கீரைக்கட்டு மாதிரி இருந்தது.