திருகோணமலையில் பகிர்வுத் தானோட்டி வான்: நியாயமாகவும் சுத்தமாகவும் ஓட்டுவதற்கான வழிகாட்டி

சாரதி இல்லை என்பதற்காக ஒரு வான் சுத்தமாகிவிடாது, நியாயமாகவும் ஆகிவிடாது. இரண்டையும் தீர்மானிப்பவை இரண்டு எண்கள்தான். ஒன்று, ஆளேற்றாமல் வெறுமையாக ஓடிய கிலோமீற்றர். மற்றது, தரிப்பிடத்தில் சனம் காத்து நின்ற நேரம். தானோட்டிக் கருவியின் விலையைப் பேசமுன் இவை இரண்டுக்கும் உச்சவரம்பு போட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வெறும் ஓட்டம் மொத்த ஓட்டத்தில் 15 வீதத்தைத் தாண்டக்கூடாது. எவரும் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. தொடக்கத்துக்கு இந்த அளவு போதும்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு லீற்றர் பெற்றோலில் 25 கி.மீ. ஓடும் ஓட்டோ, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 90 கிராம் கரியமிலவாயு விடும். இருவர் ஏறினால் ஆளுக்கு 45. ஏசி போட்ட 12 ஆசன மின்சார வான் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 0.3 அலகு மின்சாரம் எடுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் நுரைச்சோலை நிலக்கரியில் வந்தது என்று வைத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட 300 கிராம். அப்படியானால் ஏழு பேராவது ஏறினால்தான் வான் ஓட்டோவை முந்தும். மூன்று பேரோடு ஓடினால் ஊரை ஏமாற்றுகிற வேலை. நாற்பது பேரோடு போகும் டீசல் பஸ்ஸில் ஆளுக்கு 17 கிராம்தான். ஆகவே இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஓடும் பாதையில் அதோடு போட்டிக்கு வானை விடாதீர்கள். பஸ் நுழையாத ஒழுங்கைகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பஸ்ஸில் சேர்ப்பதே வானின் வேலை.

எத்தனை வான்?

ஒரு கிழமைக்கு நேரில் எண்ணுங்கள். பஸ் நிலையம், வைத்தியசாலை வாசல், மீன்சந்தை, மூதூர் படகுத்துறை, உப்புவெளிச் சந்தி ஆகிய இடங்களில் காலை ஐந்தரை முதல் இரவு எட்டரை வரை அரைமணிக்கொருமுறை குறிக்கவேண்டும். வெள்ளி ஜும்மா நேரத்தையும் ஞாயிறையும் தனித்தனியாக எடுங்கள். சராசரிக்குள் போட்டால் இரண்டுமே மறைந்துவிடும்.

உதாரணத்துக்கு, போய்வர 12 கி.மீ. உள்ள ஒரு சுற்று. நின்று நின்று ஓடினால் மணிக்கு 15 கி.மீ. வேகம்தான் கிடைக்கும், அது 48 நிமிடம். கூப்பிட்ட ஒழுங்கைக்குள் திரும்பி ஏற்றவும் தாமதத்தைச் சமாளிக்கவும் 12 நிமிடம் விடுங்கள். ஆக, சுற்றுக்கு ஒரு மணி. கால்மணிக்கொரு வான் வேண்டுமென்றால் நான்கு வான், பழுதுக்கு ஐந்தாவது. இந்த ஐந்தாவதை வெட்டித்தான் பலர் பணம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். ரயர் ஒன்று வெடிக்கும் நாளில் அந்த மிச்சம் போய்விடும்.

சார்ஜ் ஏற்றும் நேரம்

பின்னேரம் ஆறரை முதல் இரவு பத்தரை வரை மின்கட்டணத்தின் உச்ச நேரம். அந்த நாலு மணியும் செருகியைத் தொடவேண்டாம். இரவு பத்தரைக்குப் பிறகு மின்சாரம் மலிவு, ஆனால் சூரியன் இல்லை. சுத்தமான மின்சாரம் கிடைப்பது பட்டப்பகலில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால், கூரைச் சோலர்களைப் பின்னேரம் 3 மணி வரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. அந்த உபரி வான்களுக்குப் போகட்டும்.

காலை பத்து முதல் இரண்டு மணிவரை சனமும் குறைவு. அப்போது அரைமணிக்கொரு வான் போதும். முதல் இரண்டு மணி நேரம் இரண்டு வான்கள், அடுத்த இரண்டு மணி நேரம் மற்ற இரண்டும் சார்ஜில் நிற்கட்டும். 11 கிலோவாற் சார்ஜர் இரண்டு வேண்டும். வாங்கும்போது வானுக்குள் இருக்கும் சார்ஜரும் 11 கிலோவாற் மூன்று பேஸ்தானா என்று கேளுங்கள். மலிவு வான்கள் பலவற்றில் 6.6 அல்லது 7.4 கிலோவாற் ஒற்றைப் பேஸ்தான் இருக்கும். சுவரில் எவ்வளவு பெரிய பெட்டியை மாட்டினாலும் அதற்கு மேல் உள்ளே இறங்காது.

மின்கலம் 50 அலகு, எல்.எப்.பி. (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) வகை. 40 அலகுக்கு எடுத்தால் புதிதில் சமாளிக்கும். ஐந்திலொரு பங்கு தேய்ந்ததும் பன்னிரண்டு மணிக்கே சார்ஜ் முடித்த வான் இரவு ஏழு மணிக்குப் பின் பாதியில் நிற்கும். வைத்தியசாலையில் வேலை முடிந்தவர்கள் வீடு திரும்பும் நேரம் அது. பகல் சார்ஜுக்கு மட்டும் 30 கிலோவாற் சோலர், அதற்கு ஏறத்தாழ 150 சதுர மீற்றர் கூரை வேண்டும். கடற்கரையோரம் என்பதால் சட்டங்கள் அலுமினியமாகவும் ஆணிகள் 316 ரக எவர்சில்வராகவும் இருக்கட்டும். சாதாரண நாகமுலாம் ஆணி கெதியில் கறல் பிடிக்கும்.

நியாயம் எங்கே உடைகிறது

பெரும்பாலான முன்பதிவு மென்பொருள்கள் சராசரிக் காத்திருப்பைக் குறைக்கவே பார்க்கும். அதற்குச் சுலபமான வழி, தூரத்து ஒழுங்கையில் நிற்பவரை விட்டுவிட்டு நகருக்குள் நாலு பேரை ஏற்றுவது. சராசரி அழகாக வரும். பாலையூற்றில் நிற்கும் அம்மாவுக்கு வான் வராது. எனவே சராசரியைப் பாராதீர்கள். நூறு பேரில் மிக அதிகம் காத்திருந்த பத்துப் பேரின் நேரத்தை, கிராம சேவகர் பிரிவு வாரியாகக் கிழமைக்கொருமுறை எடுத்துத் தரிப்பிடத்தில் ஒட்டுங்கள். கூட்டம் கூடினால் கட்டணம் ஏறும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள். செயலி இல்லாதவர் சாதாரண போனில் தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கூப்பிட முடியவேண்டும், காசாகவும் கொடுக்க முடியவேண்டும். மீன்கூடைக்குப் பின்பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடிய ஒரு தட்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் மீன்காரர்களுக்கு இந்தச் சேவை இல்லை என்றே அர்த்தம்.

சக்கர நாற்காலிக்கு: வானின் தளம் 30 செ.மீ. உயரம் என்றால், 1:6 சாய்வுக்கு 180 செ.மீ. பலகை தேவை, ஒடுங்கிய வீதியில் அது அடுத்தவர் வாசலில் போய் முட்டும். தரிப்பிடத்தை 15 செ.மீ. உயர்த்திக் கட்டினால் 90 செ.மீ. பலகை போதும். கட்டுவது ஒரு நாள் கொங்கிரீற் வேலைதான். ஆனால் நாற்காலியைப் பட்டியால் கட்டிவிடுபவர் யார்? சாரதி போனபின் அதைச் செய்ய ஆளில்லை. அதனால் தானோட்டம் எவ்வளவு தேறினாலும் வானுக்குள் ஓர் உதவியாளர் இருக்கவேண்டும். அந்த வேலையைத் தரிப்பிடத்தில் இப்போது நிற்கும் ஓட்டோக்காரர்களுக்கு முதலில் கொடுங்கள். ஒழுங்கைகளை அவர்களைப்போல் அறிந்தவர் இல்லை.

கடைசியில்தான் தானோட்டம்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சாரதி இருப்பார் என்ற எண்ணத்திலேயே எழுதப்பட்டது. ஆகவே அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் ஓட்டுகிற வானிலேயே கமராக்கள், ராடார், லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் உணரி) மூன்றையும் பூட்டி, ஆறு மாதம் கருவி நிழலாக மட்டும் ஓடட்டும். 'நானாயிருந்தால் இங்கே பிரேக் போட்டிருப்பேன்' என்று அது பதியும். மனிதர் செய்ததோடு அதை ஒப்பிடுங்கள்.

இங்கே அதைத் தடுமாறவைப்பவை ஊர்ப்பழக்கங்கள். ஃபிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்களை எடுங்கள். ஒன்று வீதியைக் கடந்து மதிலோரம் நிற்கும். கருவி வழி துப்புரவு என்று கணித்து வேகமெடுக்கும். அப்போதுதான் பின்னால் வரும் குட்டி பாயும். கடவை தாண்டிய மானைக் கண்டதும் குறைந்தது பத்து நொடி மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே என்று விதி எழுதவேண்டும். கட்டாக்காலி மாடு இதற்கு எதிர். அது படுத்தால் படுத்ததுதான். கருவி மணிக்கணக்காக மரியாதையோடு காத்து நிற்கும். இறங்கி விரட்ட உதவியாளர் வேண்டும்.

ஆட்களைக் காணும் திறனையும் இங்கேயே சோதியுங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், பாதசாரிகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பெரியவர்களைவிடச் சிறுவர்களை ஏறத்தாழ 20 வீதம் குறைவாகவும், கருநிறத்தவரை 7.5 வீதம் குறைவாகவும் கண்டன. வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், அபாயா உடுத்த பெண்கள், இருட்டில் சைக்கிளில் வரும் ஆண்கள் எனத் தனித்தனியாக ஆயிரம் படங்களாவது எடுத்து, தவறவிட்டதை ஒவ்வொரு வகைக்கும் வேறாக எண்ணுங்கள். முகங்களை மறைத்துவிட்டே சேமியுங்கள்.

'பிழை வந்தால் ஓரங்கட்டி நில்' என்ற கட்டளையையும் அப்படியே நம்பவேண்டாம். 2023 ஒக்டோபரில் சன் பிரான்சிஸ்கோவில் ஒரு தானோட்டி டாக்சி, தன்மேல் வந்து விழுந்த பாதசாரி அடியில் கிடக்க, ஓரங்கட்டப்போய் அவரை ஏறத்தாழ 6 மீற்றர் இழுத்துச் சென்றது. மோதல் உணரி அடித்தால் சில்லு ஒரு சுற்றும் சுற்றக்கூடாது. உதவியாளர் இறங்கி அடியைப் பார்த்துச் சாவி போட்டபிறகே நகரவேண்டும்.

லைடார் கண்ணாடியில் உப்புப் படலம் தினமும் ஏறும். காலை, பகல் இரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் கீறும். மாரியில், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, கொட்டுமழையில் லைடாருக்குத் துளிகளே தடையாகத் தெரியும். அந்த நாட்களிலும் பத்திரகாளி அம்பாள் தேர் வெளிவரும் நாளிலும் கருவியை அணைத்துவிட்டு உதவியாளரே ஓட்டட்டும். அதனால்தான் அவரிடம் வலுவிலுள்ள சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும், மாதம் எட்டு மணி நேரமாவது அவர் கையால் ஓட்டியிருக்கவும் வேண்டும்.