பிரான்ஸ்ல இடிஞ்ச கோட்டை கோபுரம் பார்க்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

பிரான்ஸ் கிராமத்துப் பக்கம் கார்ல போனா, மேட்டு மேல பாதி இடிஞ்ச கல் கோபுரம் ஒண்ணாவது கண்ணுல படும். டோன்ஜோன்னு சொல்வாங்க, பிரபுவோட கோட்டையில எல்லாம் கைவிட்டுப் போனாலும் கடைசியா உள்ள புகுந்து தாக்குப்பிடிக்கக் கட்டுனது, பல இடத்துல அவர் குடியிருந்ததும் அதுலதான்.

பார்த்ததும் "பாவம், வயசாகி விழுந்துருச்சு"ன்னு நினைச்சுடாதீங்க. நிறைய கோபுரத்த மனுஷன்தான் இடிச்சான். வடக்குல கூசின்னு ஒரு ஊர், அங்க 13ஆம் நூற்றாண்டுல அந்த ஊர் பிரபு மூணாம் ஆங்கெரான் கட்டுன கோபுரம் சுமார் 54 மீட்டர் உசரம், 31 மீட்டர் அகலம். 1692 நிலநடுக்கத்தையும் தாங்குச்சு, அப்புறம் பழைய கட்டடங்கள சீரமைக்குற கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் விரிசல் பெருசாகாம இரும்புப் பட்டை போட்டு இறுக்குனாரு, அவ்ளோ பாடுபட்டு காப்பாத்துனத முதல் உலகப் போர்ல, 1917 மார்ச்ல, பின்வாங்கிப் போன ஜெர்மன் படை வெடி வச்சு தகர்த்துருச்சு. இப்ப அங்க கல்லுக் குவியல்தான் கிடக்கு, நினைச்சாலே வயிறு எரியுது. நார்மண்டில ஷாத்தோ கையார்ங்குற கோட்டைய 1599ல ராஜா நாலாம் ஹென்றியே இடிக்க விட்டாரு, அந்தக் கல்ல துறவிங்க மடத்த ரிப்பேர் பண்ண எடுத்துட்டுப் போனாங்க.

அடுத்தது, சுவத்துல வரிசையா இருக்குற சின்ன சதுர ஓட்டை. அம்பு விடுறதுக்குன்னு பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறாங்க, தப்பு. அது சாரம் கட்டுன கட்டைய சொருகுன ஓட்டை. அம்பு விடுற ஓட்டை நெட்டுக்கு ஒடுக்கமா இருக்கும், உள்பக்கம் ஆள் நிக்கிற மாதிரி அகண்டு போகும், உள்ள போய் பார்த்தா டக்குன்னு தெரிஞ்சுடும்.

அந்த சதுர ஓட்டைக்குள்ள மரத்துண்டு ஏதாவது சிக்கியிருந்தா தயவுசெஞ்சு நோண்டாதீங்க. லோஷ்ங்குற ஊர்ல இருக்குற கோபுரத்த ரொம்ப காலமா 12ஆம் நூற்றாண்டுன்னு நினைச்சுட்டு இருந்தாங்க, சுவத்துல மிச்சமிருந்த மரத்தோட வளர்ச்சி வளையத்த ஆராய்ஞ்சு பார்த்தப்பதான் 1013க்கும் 1035க்கும் நடுவுல கட்டுனதுன்னு தெரிஞ்சுது. ஒரு துண்டு மரம் நூறு வருஷத்துக் கணக்கையே மாத்திருச்சு!

தரையில இருக்குற ஓட்டையெல்லாம் பழைய வாசல்னு நம்பிடாதீங்க, பெரும்பாலும் வாசல் மேல்மாடிலதான் இருக்கும், கீழ இருக்குறது பல இடத்துல பின்னாடி உடைச்சது. மேல இருந்து கொதிக்கிற எண்ணெய் ஊத்துனாங்கங்குற கதையும் அப்படித்தான், எண்ணெய் அப்ப ரொம்ப விலை, கல்லும் சுடுதண்ணியும்தான் சுளுவா கிடைச்சுது.

போட்டோவுக்காக சுவத்து மேல ஏறவே ஏறாதீங்க. வெளிய செதுக்குன கல்லு கெட்டியா தெரியும், நடுவுல இருக்குறது சில்லுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான், மழைத்தண்ணி உள்ள எறங்குனா அந்த சாந்து மணலா உதிரும். படர்ந்திருக்குற ஐவி கொடியையும் பிடிச்சு இழுக்காதீங்க, சில இடத்துல அதோட வேரே கல்லைப் பிடிச்சுட்டு இருக்கும், கொடியோட கல்லும் தலைமேல வரும். மெட்டல் டிடெக்டர் வச்சு பழைய காசு தேடணும்னா பிரிஃபெக்சர்ங்குற அரசு நிர்வாக ஆபீஸ்ல பர்மிஷன் வாங்கணும், இல்லாம தேடுனா குத்தம்.