நன்னாரி பாகு: வாசனை போகாமல், கற்கண்டு கட்டாமல்

பங்குனி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபி டம்ளரை நீட்ட மனம் வருவதில்லை. அவர்களும் 'காபியெல்லாம் வேண்டாம், ஜில்லென்று ஏதாவது கொடுங்கள்' என்றுதான் கேட்கிறார்கள். அலமாரியில் ஒரு பாட்டில் நன்னாரி பாகு இருந்தால் கவலையே இல்லை. எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றினால் சர்பத். நுங்கு கிடைக்கிற நாளில் நுங்கு சர்பத். பாலும் பாதாம் பிசினும் இருந்தால் மதுரைக்காரர்கள் மெச்சாவிட்டாலும் குறை சொல்லாத அளவுக்கு ஒரு ஜிகர்தண்டா.

வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டே புகார்தான் சொல்கிறார்கள். ஒன்று, செய்யும்போது தெருவே மணந்தது, டம்ளரில் ஊற்றினால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். இரண்டு, பத்து நாளில் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டிவிட்டது. இரண்டுக்கும் காரணம் அடுப்புதான். வேரைக் கொதிக்க வைக்கக் கூடாது, பாகைக் கம்பிப் பதத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் சுலபம்.

தேவையானவை

காய்ந்த நன்னாரி வேர் 100 கிராம், சர்க்கரை 1 கிலோ, நடுத்தர அளவு எலுமிச்சம்பழம் பாதி, வேரை ஊறவைக்க 400 மில்லி தண்ணீர், பாகுக்கு 250 மில்லி தண்ணீர். இந்த அளவுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேலே பாகு வரும். ஒரு டம்ளருக்கு 40 மில்லி என்று வைத்தால் 25 பேருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வேர் வாங்குவது

நாட்டு மருந்துக் கடையில் 'சர்பத்துக்கு நன்னாரி வேர்' என்றே கேளுங்கள். வேர் மெல்லியதாக, கரும்பழுப்பாக, தோலில் குறுக்கே வெடிப்பு விட்டு இருக்கும். ஒரு துண்டை நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். உடனே வாசனை எழ வேண்டும். தூசி வாசனைதான் வருகிறது என்றால் வேர் பழசு, எடுக்காதீர்கள்.

விரல் பருமனுக்கு இருந்தால் அது பெரும்பாலும் மாகாளிக் கிழங்கு. மோரில் ஊறப்போட்டு ஊறுகாய் போடுவார்களே, அதுதான். பெருநன்னாரி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் முக்கியமான வாசனைப் பொருள் ஒன்றேதான் என்பதால் மூக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். வெனிலாவுக்கு மணம் தருகிற வெனிலினில் என்னென்ன அணுக்கள் எத்தனை எத்தனை இருக்கின்றனவோ, இதிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அடுக்கியிருக்கிற விதம் மட்டும் வேறு. நன்னாரி சர்பத் குடிக்கும்போது லேசாக ஐஸ்கிரீம் ஞாபகம் வருவது வீண் பிரமை இல்லை. அதே பொருள் மாகாளி ஊறுகாயில் அடர்த்தியாக இருக்கும்போது, பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்று ஓடுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு.

வேரைத் தட்டுவது

வேரைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். வெடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் நல்லது. ஊறப்போட வேண்டாம். ஊறினால் வாசனை அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். அலசியதும் துணியில் துடைத்து நிழலில் ஒரு மணி நேரம் உலர விடுங்கள்.

அப்புறம் இடிகல்லில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நச்சுவது போதும், பொடியாக்க வேண்டாம். தட்டியதும் தோல் விண்டு, நடுவில் குச்சி போல வெளிறிய கட்டை தனியாக வரும். வாசனை முழுக்கத் தோலில்தான். நடுக்கட்டையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அது போனால் எடை கணிசமாகக் குறையும், அதனால்தான் 100 கிராம் வாங்கச் சொன்னேன்.

மிக்ஸியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நான் போட மாட்டேன். தோலும் கட்டையும் சேர்ந்து தூளாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது, டிகாஷன் மரத்தூள் ஊறிய தண்ணீர் மாதிரி கலங்கலாக வரும். இடிகல் இல்லாத வீட்டில் சப்பாத்திக் குழவியின் முனையால் தட்டலாம். அதுவும் இல்லையென்றால் அம்மிக் குழவி உள்ள பக்கத்து வீடு.

டிகாஷன்

400 மில்லி தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, தட்டிய தோலைப் போட்டு உடனே மூடுங்கள். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு இதற்கு ரொம்பப் பொருத்தம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ராத்திரி போட்டுக் காலையில் திறங்கள்.

வேரையும் தண்ணீரையும் சேர்த்து அரை மணி நேரம் கொதிக்க விடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். அப்படிக் கொதிக்கும்போது வீடு முழுக்க மணக்கும், எல்லோரும் 'ஆகா' என்பார்கள். மணப்பதே பாத்திரத்தை விட்டு வெளியேறுகிற நன்னாரிதான். ஆவியோடு போனது திரும்பி வராது. ஆகவே செய்யும்போது வீடு மணக்காமல் இருந்தால் சந்தோஷப்படுங்கள்.

காலையில் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். பலமுறை துவைத்துப் பழசான வேட்டித் துணிதான் என் தேர்வு. ஸ்டீல் வடிகட்டியில் நுண்ணிய மண் தப்பிவிடும். பிழிந்த பிறகு சில நிமிடம் அப்படியே வைத்து, அடியில் தங்கும் வண்டலை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். 250 மில்லி வேண்டும். குறைந்தால் பிழிந்த சக்கையில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மறுபடி பிழிந்து சரிக்கட்டலாம்.

பாகு: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

ஒரு கிலோ சர்க்கரையில் 250 மில்லி தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். முதலில் தண்ணீர் போதாதது போலத் தெரியும். பயந்து இன்னும் ஊற்றாதீர்கள், சூடேறினால் எல்லாம் கரைந்துவிடும். கரைகிற வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகளை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். பிற்பாடு கற்கண்டு கட்ட ஒரு துகள் உள்ளே விழுந்தாலே போதும்.

கொதி வந்ததும் அரை மூடி எலுமிச்சைச் சாற்றை விதையில்லாமல் விடுங்கள். இது புளிப்புக்காக இல்லை. புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். அந்தக் கலவை அவ்வளவு சுலபத்தில் கல்லாக இறுகாது. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் இந்த வேலை நடக்காது, ருசி மட்டும் மாறும். எலுமிச்சை விட்டபின் 5 நிமிடம், சிறு தீயில், முக்கால்வாசி மூடிய நிலையில் கொதிக்கட்டும். மேலே நுரை ஒதுங்கினால் எடுத்துவிடுங்கள். அழுக்கு எடுக்கப் பால் தெளிக்கும் பழக்கம் உண்டு. இப்போது வருகிற வெள்ளைச் சர்க்கரைக்கு அது தேவையில்லை, பாலின் மிச்சம் பாகில் தங்கிக் கெட்டுப்போகவும் இடம் கொடுக்கும்.

இந்த நேரத்தில் கை தானாகவே பாகைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே கம்பி வருகிறதா என்று பார்க்கும். அதிரசத்துக்கும் பொரிவிளங்காய் உருண்டைக்கும் பழகிய கை. பார்க்கட்டும், பரவாயில்லை. ஆனால் டிகாஷன் சேர்ந்த பிறகும் கம்பி வர வேண்டும் என்று மேலும் காய்ச்சினால்தான் வினை. சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்பது எடைக் கணக்கில் சுமார் 67 சதவீதம். நம் ஊர் அறைச் சூட்டில் தண்ணீரால் தாங்க முடிகிற சர்க்கரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் சுண்ட வைத்தால், சூட்டில் தெளிவாக இருக்கும். ஆறியதும், தாங்க முடியாத சர்க்கரை அடியில் கல்லாக உட்காரும். ரொம்பக் குறைத்து நீர்த்துப்போக விட்டால் அது வேறு தொல்லை, பாகு புளித்துவிடும்.

5 நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்து, 250 மில்லி டிகாஷனை மெதுவாகச் சேருங்கள். 'சுர்' என்று பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கலக்கி உடனே மூடிவிடுங்கள். மறுபடி அடுப்புக்குப் போக வேண்டாம். பாகின் சூடே டிகாஷனுக்குப் போதும்.

பதம் சரியா என்று தெரிய நான் விரலைப் பார்ப்பதில்லை, அளவுக் குவளையைப் பார்க்கிறேன். மொத்தம் 1,100 மில்லியை ஒட்டி வர வேண்டும். ஒரு லிட்டருக்குக் கீழே இருந்தால் கொதித்ததில் தண்ணீர் அதிகம் போய்விட்டது. மீந்த டிகாஷனையோ வெந்நீரையோ ஊற்றி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

நிறம் தேநீர் போல வெளிர்ந்த பழுப்பாகத்தான் இருக்கும். கடைப் பாட்டிலின் கருஞ்சிவப்பு வராது, அதில் சேர்த்த நிறம் உண்டு. விருந்தாளிகள் முன்னால் நிறம் வேண்டும் என்று தோன்றினால், ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரையை வாணலியில் கருக விடாமல் செம்பழுப்பாக உருக்கி, வெந்நீர் தெளித்துக் கரைத்து, டிகாஷன் ஊற்றுவதற்கு முன் பாகில் சேர்க்கலாம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்றால், கருப்பட்டிப் பாகு வேண்டுமானால் தாராளமாகப் போடுங்கள். நன்னாரி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

பாட்டிலில் அடைப்பது

கண்ணாடி பாட்டிலை வெந்நீரில் 10 நிமிடம் கொதிக்க விட்டு, ஈரமே இல்லாமல் வெயிலில் காய வையுங்கள். பாகு முழுதாக ஆறிய பிறகே ஊற்றி மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பாகின் மேல் விழும். மேலே ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் நீர்த்துவிடும், பூஞ்சை அங்கேதான் குடியேறும். கீழே இருக்கிற பாகு நன்றாக இருக்கிறதே என்று குழம்பிப்போவீர்கள். பாகு ஆறும் வரை பாத்திரத்தின் மேல் துணி கட்டி, அதன் மேல் தட்டை வையுங்கள். வியர்க்கும் நீரைத் துணி குடித்துக்கொள்ளும்.

வெயில் படாத அலமாரியில் ஒரு மாதம் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜ். குளிரில் தண்ணீரால் தாங்க முடிகிற சர்க்கரை இன்னும் குறையும் என்பதால், எலுமிச்சை விடாத பாகு ஃபிரிட்ஜில்தான் முதலில் கல் கட்டும். கட்டிவிட்டால் மூடியைத் தளர்த்தி, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள், கரைந்துவிடும்.

விருந்தாளிகளுக்கு

பத்துப் பேருக்கு: பாகு 400 மில்லி, எலுமிச்சம்பழம் 5, உப்பு கால் டீஸ்பூன், தண்ணீர் ஒன்றரை லிட்டர். பானைத் தண்ணீராக இருந்தால் ஐஸ் தேவையில்லை. ஐஸ் போடுவதானால் தண்ணீரில் ஒரு டம்ளரைக் குறையுங்கள். எலுமிச்சையைக் காலையிலேயே பிழிந்து வைக்காதீர்கள், நேரமாக ஆகக் கசப்பு ஏறும். பாகு, சாறு, உப்பு மூன்றையும் முதலில் கலந்துகொண்டு தண்ணீர் ஊற்றுங்கள். பாகு அடியில் தங்கிவிடும், அடியிலிருந்து கலக்க வேண்டும். 2 டீஸ்பூன் சப்ஜா விதையைக் கால் மணி நேரம் முன்னால் ஊறப்போட்டால் போதும். தண்ணீருக்குப் பதில் சோடா என்றால் கடைசியில், டம்ளரிலேயே ஊற்றுங்கள்.

நுங்கு சர்பத்துக்கு எலுமிச்சை வேண்டாம். தோல் நீக்கிய நுங்கைக் கையால் மசித்து, பாகும் குளிர்ந்த தண்ணீரும் சேர்த்தால் முடிந்தது. பாலில் கலக்கும்போது பாகில் இருக்கிற எலுமிச்சை திரித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அது மிகக் கொஞ்சம். பால் நன்றாகக் குளிர்ந்திருந்தால் சரி. பாதாம் பிசினை மட்டும் முந்தின இரவே ஊறப்போட வேண்டும், ஒரு டீஸ்பூன் பிசின் ஒரு கிண்ணம் ஆகும். கூடவே கொறிக்க உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கிளிமூக்கு மாங்காய்த் துண்டுகள் வையுங்கள். கேக், பிஸ்கட் வேண்டாம், இனிப்பு மேல் இனிப்பு திகட்டும்.

பிறகு சேர்த்தது

'பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது, குடிக்கலாமா?' என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். குடிக்காதீர்கள் அக்கா, புளித்துவிட்டது. சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று 600 கிராம் மட்டும் போட்டாராம். இந்தப் பாகில் சர்க்கரை இனிப்பு மட்டும் இல்லை, கெடாமல் காப்பதும் அதுதான். குறைத்துப் போட்டால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

சர்க்கரையே வேண்டாம் என்கிறவர்களுக்குப் பாகு சரிப்படாது. தட்டிய வேர்த்தோலை ஒரு கைப்பிடி துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் தண்ணீரே மணக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை முடிச்சை எடுத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வாசனை நின்றதும் வேரை மாற்றிவிடுங்கள்.