ஏர் கூலரைப் போடும் முன் தொட்டியைத் தேயுங்கள்

பங்குனி பிறந்ததும் தர்மபுரி வீடுகளில் பரண்மேல் கிடந்த ஏர் கூலர்கள் கீழே இறங்கிவிடும். தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போடுவதற்கு முன், பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் பார்த்தபோது, போர்வெல் தண்ணீரின் உப்பு, நனைந்து காற்றைக் குளிர்விக்கும் பேடு (pad) முழுவதும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அடிப்பக்கம் கறுப்பாகப் பூசணம். அந்தக் காற்றைத்தான் இரவெல்லாம் குழந்தையின் முகத்துக்கு நேராக விட்டிருப்போம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூசணம் இருமலையும் இளைப்பையும் கிளப்பிவிடும். அப்படிப்பட்ட பேடைக் காசு பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் தொட்டி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் நிற்கும் மட்டத்தை ஒட்டி உட்சுவரில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அந்த முட்டைகள் ஈரமில்லாமலும் பல மாதங்கள் தாங்கும். வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்காய் நாரால் நான்கு பக்கமும் அழுத்தித் தேய்த்து, நன்றாகக் காயவைத்த பிறகு நிரப்புங்கள்.

கூலர் ஓடும்போது ஜன்னல் திறந்தே இருக்கட்டும். மூடினால் ஈரம் அறைக்குள்ளேயே தங்கிப் புழுக்கம்தான் கூடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தினருக்கு மார்கழிக் குளிருக்கும் ஒரு வார்த்தை: கதவை அடைத்துக்கொண்டு கரிக்கங்குச் சட்டியை அருகில் வைத்து உறங்கவே உறங்காதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கூடுதலாக ஒரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.