கிழக்குக் கரையில் கடல் வரைவது எப்படி: நீர்வண்ணத்தில் தொடங்கி எண்ணெய் வண்ணம் வரை

கடல் வரையக் கற்றுத்தரும் காணொளிகளில் பெரும்பாலும் சூரியன் கடலுக்குள் இறங்கும். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ பாண்டி கடற்கரைச் சாலையிலோ அது நடக்காது. நமக்குச் சூரியன் கடலில் எழுகிறது. மாலையில் முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கம் மறைகிறது. அலைக்கு என்ன நிறம், நுரை எங்கே வெளுப்பு, படகின் நிழல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இதுதான். அதனால் இந்தச் செய்முறையை நம் கரையின் காலை வெளிச்சத்துக்காகவே எழுதுகிறேன்.

எப்போது போவது

காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள். சூரியன் எதிரே இருப்பதால் நிறங்கள் அடங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். மாலை நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் பின்னாலிருந்து விழும்போதுதான் தண்ணீரின் நீலப்பச்சையும் படகுகளின் சாயமும் முழுசாகத் தெரியும். அதுவும் அழகுதான். ஆனால் முதல் படத்துக்கே அத்தனை நிறத்தையும் சமாளிப்பது கஷ்டம். காலையில் தொடங்குங்கள்.

என்ன வாங்குவது

காசைத் தாளில் போடுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை), கோல்ட் பிரஸ் (சற்றே மேடுபள்ளமான பரப்பு), முடிந்தால் முழுப் பருத்தி. மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளிந்து, வண்ணம் பள்ளத்தில் தேங்கிவிடும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டிக்கொண்டால் போதும்.

வண்ணம் நான்கு: அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சள், விரிடியன் பச்சை. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தாலே ஆழமான சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சியாகவும் சியன்னா கூடினால் வெதுவெதுப்பாகவும் மாறும். ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று, எட்டாம் நம்பர் உருண்டைப் பிரஷ் ஒன்று, அட்டைப் பலகை, மாஸ்கிங் டேப், டிஷ்யூ. தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். கடல் தண்ணீரைத் தொட்டு வரைந்தால் காய்ந்தபின் உப்பு பொரிப்பொரியாக நிற்கும்.

பலகையைச் சாய்ப்பது, தொடுவானம் போடுவது

சூரியனைப் பார்த்து உட்கார்ந்து, பலகையின் எதிர்முனையை உயர்த்தி, உங்கள் பக்கமாகச் சுமார் 30 பாகை சாய்த்துக்கொள்ளுங்கள். ஏழு மணிச் சூரியன் அதைவிடத் தாழ்வாக இருப்பதால், தாள் தன் நிழலிலேயே இருக்கும். கண் கூசாது, வண்ணமும் சட்டென்று காயாது.

தொடுவானத்தை நடுவில் போடாமல், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். பென்சிலால் மெல்லக் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே டேப் ஒட்டுங்கள். ஒட்டும் முன் டேப்பைச் சட்டையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசை குறையும், தாள் கிழியாது.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில்தான் இருக்கும். மணலில் நீங்கள் நின்றால், அதே மட்டத்தில் நிற்கும் உங்கள் உயரக்காரர் பத்தடியில் இருந்தாலும் நூறடியில் இருந்தாலும் தொடுவானக் கோடு அவர் கண் வழியாகவே போகும். கால் மட்டும் தாளில் மேலே ஏறும், ஆள் சிறுப்பார். நீங்கள் உட்கார்ந்துவிட்டால் அதே கோடு அவர் இடுப்புக்கு வந்துவிடும். பாண்டி கடற்கரைச் சாலையிலிருந்து பார்த்தால் நீங்கள் உயரத்தில் இருப்பீர்கள். கீழே கருங்கற்கள் மேல் நிற்பவரின் தலை தொடுவானத்துக்குக் கீழேயே நின்றுவிடும். ஆட்கள் படத்தில் மிதப்பதுபோலத் தெரிந்தால், தவறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

வானம்

டேப்புக்கு மேலுள்ள பகுதியை வெறும் தண்ணீரால் நனையுங்கள். பளபளப்பு அடங்கியதும், தொடுவானத்தை ஒட்டி மிக நீர்த்த ஓக்கரும், மேலிருந்து கீழாக நீர்த்த அல்ட்ராமரீனும் இழுங்கள். இரண்டும் தானாகக் கலக்கட்டும், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். சூரியன் இருக்கும் இடத்தை வெறும் தாளாக விட்டுவிடுங்கள். நீர்வண்ணத்தில் அதைவிட வெளுப்பு கிடையாது.

அப்புறம் காத்திருங்கள். புறங்கையால் தாளை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கடற்கரைக் காற்றில் இதற்கு வீட்டைவிட அதிக நேரம் பிடிக்கும்.

கடல்

டேப்பை மெதுவாக எடுங்கள். தொடுவானத்தை ஒட்டிய கடல் அதற்கு மேலுள்ள வானத்தைவிட இருட்டாக இருக்கும். தொலைவில் அலைகளின் நம்மைப் பார்த்த சரிவுதான் கண்ணில் படுகிறது. அது தொடுவானத்து வெளிர் வானத்தை அல்ல, உயரத்திலுள்ள இருண்ட வானத்தைப் பிரதிபலிக்கிறது. எனவே அல்ட்ராமரீனோடு கொஞ்சம் சியன்னா கலந்து, மேல் விளிம்பில் திடமாக ஒரு பட்டை போட்டு, கீழே வரவர நீர்க்கச் செய்யுங்கள்.

சூரியனுக்கு நேர் கீழே மினுக்கும் பாதைக்கு உலர்ந்த பிரஷ். வண்ணத்தில் தொட்ட தட்டைப் பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி, ஏறக்குறையப் படுக்கவைத்து, வேகமாகக் கிடைமட்டமாக இழுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும், அவைதான் மினுமினுப்பு. தயங்கி இழுத்தால் பள்ளமும் நிரம்பிவிடும். ஓரத்தாளில் பழகிவிட்டு இழுப்பது நல்லது.

இனி அலை. ஒன்றே ஒன்று போதும். உடையப்போகும் அலையைக் கவனியுங்கள்: உச்சி மெலிந்து, பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அதன் வழியே புகும். அந்த மெல்லிய பட்டை மட்டும் பச்சையாக ஒளிரும். விரிடியனில் துளி ஓக்கர் கலந்து அங்கே வையுங்கள். அதற்குக் கீழே அலையின் உடல் தடித்து, சாம்பலாக இருளும். பச்சை ஈரமாக இருக்கும்போதே சாம்பலைத் தொடவிட்டால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்.

நுரை வெள்ளை என்று மனசு சொல்லும். காலையில் அது உண்மை இல்லை. நம்மைப் பார்த்த பக்கம் நிழலில் இருக்கிறது; வெளிர் நீலச் சாம்பல்தான் சரி. மேல் விளிம்பில் மட்டும் தாளின் வெள்ளையை விடுங்கள். அந்த மெல்லிய வெள்ளை விளிம்பு கிடைத்துவிட்டால், பார்ப்பவருக்குச் சூரியன் எங்கே என்று சொல்லவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் கெடிலம் ஆற்றின் வெள்ளம் கலந்து கரையோரம் செம்மண் நிறமாகக் கலங்கும். அதை நீலமாக்காதீர்கள். சியன்னாவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மணலும் படகும்

ஈர மணல் வானத்தைக் காட்டுவதால், எதிர்வெளிச்சத்தில் காய்ந்த மணலைவிட வெளிச்சமாக இருக்கும். வானத்துக்கு வைத்த அதே நிறத்தை இங்கேயும் வையுங்கள். காய்ந்த மணலுக்கு ஓக்கரும் சியன்னாவும்.

கரையேற்றிய ஃபைபர் படகு நீலமோ சிவப்போ, காலையில் அது ஒரே இருண்ட உருவம். அதன் நிழல் உங்களை நோக்கி நீளும். படகையும் நிழலையும் ஒரே மூச்சில், ஒரே திடமான கலவையில் போடுங்கள்.

வெளிச்சத்தின் மறுபக்கம் பார்க்க ஆசையிருந்தால், பாண்டியில் அதே காலை நேரம் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். 1836-ல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் முழு வெயிலில் நிற்கும்.

எண்ணெய் வண்ணத்துக்கு

இதை வீட்டில் செய்யுங்கள். கடற்கரையில் காற்று அள்ளிவரும் மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கரையில் வரைந்த நீர்வண்ணப் படம்தான் மாதிரி.

வரிசை தலைகீழாகும். நீர்வண்ணத்தில் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனோம், வெள்ளை தாளில் இருந்தது. இங்கே இருட்டை முதலில் போட்டு வெளிச்சத்துக்கு வாருங்கள், வெள்ளையை டியூபிலிருந்து வையுங்கள். கேன்வாஸ் போர்டு முழுவதும் டர்பன்டைனில் (எண்ணெய் வண்ணத்தை நீர்க்கவைக்கும் திரவம்) கரைத்த சியன்னாவைப் பூசி, காய்ந்ததும் வரையலாம்.

முதல் அடுக்கில் டர்பன்டைன், அடுத்தடுத்த அடுக்குகளில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடவேண்டும். எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அடியில் எண்ணெய் அதிகமானால் அது மெதுவாக இறுகும். மேலடுக்கு முந்திக் காய்ந்து பிறகு வெடிக்கும். மினுமினுப்பையும் நுரையின் விளிம்பையும் கடைசியில், டைட்டானியம் வெள்ளையை வண்ணக் கத்தியால் தடிமனாக வையுங்கள். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகி, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிபோட்ட தகர டப்பாவில் வையுங்கள்.