‘பெரிய அரசாங்கம்’ என்று அமெரிக்கத் தீவிர வலதுசாரி சொன்னால் எதைச் சொல்கிறார்?

அமெரிக்க அரசியலைத் தமிழில் படிக்கிறவர்களை முதலில் இடறி விடுவது ‘வலதுசாரி’ என்ற சொல். இந்தியாவில் வலதுசாரி என்றால் தில்லி வலுவாக இருக்க வேண்டும் என்பவர். அங்கே வாஷிங்டன் என்றாலே முகம் சுளிப்பவர். நம் பக்கத்தில் யாரையாவது ஒப்பிட வேண்டுமானால், 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி லைசென்ஸ்–பெர்மிட் ராஜ்ஜியத்தைச் சாடிய ராஜாஜியைச் சொல்லலாம். அவரும் பாதி வழிக்குத்தான் துணை வருவார். மீதியை அந்த ஊர் வரலாற்றை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஒரு பேச்சோ கட்டுரையோ கையில் கிடைத்தால் கீழே உள்ள வரிசையில் பிரித்துப் பாருங்கள்.

முதல் கேள்வி: எந்த அரசாங்கம்?

அங்கே வாஷிங்டன் (அதாவது ஃபெடரல் அரசு, நம் மத்திய அரசு போல), மாநிலம், கவுண்டி என்று அடுக்குகள் உண்டு. கவுண்டி நம் மாவட்டம் போல. ஆனால் அதன் போலீஸ் தலைவரான ஷெரிஃபைப் பெரும்பாலும் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோபம் அநேகமாக வாஷிங்டன் மேல்தான். அதற்கு அவர்கள் காட்டும் ஆவணம் 1791இல் வந்த 10ஆவது அரசியல் சாசனத் திருத்தம்: ஃபெடரல் அரசுக்கென்று ஒப்படைக்காத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. ‘1913க்கு முந்தைய அமெரிக்கா’ என்று யாராவது ஏங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் வருமான வரிக்கு வழிவிட்ட 16ஆவது திருத்தம், செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வைத்த 17ஆவது திருத்தம், நம் ரிசர்வ் வங்கி போன்ற ஃபெடரல் ரிசர்வ், மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தவை. இன்னும் ஓரத்தில், 1970களில் பரவிய போஸி காமிட்டாட்டஸ் என்ற தீவிர வலதுசாரிக் குழுக்கள் ஷெரிஃபுக்கு மேல் சட்டபூர்வ அதிகாரமே கிடையாது என்றன. அந்த நம்பிக்கை இன்னும் பல பெயர்களில் உலவுகிறது.

இரண்டாவது கேள்வி: அரசாங்கத்தின் எந்தக் கை?

கொடுக்கிற கை, பிடுங்குகிற கை, அடிக்கிற கை. வரியும் ஒழுங்குமுறை விதிகளும் பிடுங்குகிற கை. மானியமும் ஓய்வூதியமும் கொடுக்கிற கை. ராணுவம், எல்லைக் காவல், போலீஸ் அடிக்கிற கை. சாதாரணப் பழமைவாதி ‘பெரிய அரசாங்கம்’ என்னும்போது மூன்றாவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைச் சோதிக்க இரண்டு துறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் உருவான கல்வித் துறையில் 2024இல் சுமார் 4,000 பேர்தான் வேலை பார்த்தார்கள். 1980 தேர்தலிலிருந்தே அதை மூட வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. 2002இல் ரிபப்ளிகன் அதிபர் ஜார்ஜ் புஷ் காலத்தில் பிறந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அதை மூடச் சொல்பவர் அரிது. அப்படி ஒருவர் சொன்னால் அவர் லிபர்டேரியனாக இருக்கலாம். சுதந்திரச் சந்தையும் தனிமனித உரிமையும்தான் அவருக்கு வேதம். அவரைத் தீவிர வலதுசாரியோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

அரசை எதிர்த்துத் துப்பாக்கியோடு திரளும் தனியார் ஆயுதக் குழுக்கள் விஷயம் தலைகீழ். அவர்களுக்கு அடிக்கிற கைதான் முதல் எதிரி. 1992இல் ஃபெடரல் ஏஜெண்டுகள் ஒரு குடும்பத்தின் வீட்டைச் சூழ்ந்த ஐடஹோவின் ரூபி ரிட்ஜ், 1993இல் ஒரு மதக் குழுவின் வளாகத்தை 51 நாள் முற்றுகையிட்ட டெக்ஸாஸின் வேக்கோ, இரண்டும் அவர்கள் வாயிலிருந்து இறங்காத பெயர்கள். வேக்கோ எரிந்த ஏப்ரல் 19க்குச் சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 1995இல், ஓக்லஹோமா சிட்டியில் ஃபெடரல் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். தேதி தற்செயல் அல்ல.

மூன்றாவது, மேற்கோளை முழுசாகப் படியுங்கள்.

‘அரசாங்கம் தீர்வல்ல, அரசாங்கமே சிக்கல்’ என்ற அதிபர் ரீகனின் வாக்கியம் 1981 ஜனவரி 20 பதவியேற்பு உரையில் வருவது. அது ‘இன்றைய இந்த நெருக்கடியில்’ என்று தொடங்குகிறது. ஏறிக்கொண்டிருந்த விலைவாசியையும் வேலையின்மையையும் பற்றிய பேச்சு அது. தொடக்கத்தை வெட்டியதும் எக்காலத்துக்குமான கொள்கை ஆகிவிட்டது. அவர் பதவியை விட்டு இறங்கும்போது ஃபெடரல் கடன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அடுத்து கணக்கு. 2024 நிதியாண்டில் ஃபெடரல் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு, ராணுவம், கடனுக்கு வட்டி: இந்த ஐந்துக்கே பத்தில் ஏழு பங்கு போய்விடுகிறது. இவற்றைத் தொடாமல் அரசாங்கத்தைப் பாதியாக்குவேன் என்று ஒருவர் சொன்னால், எந்தத் தலைப்பில் வெட்டுவார் என்று தேடுங்கள். பதில் பெரும்பாலும் வெளிநாட்டு உதவி, வீண் செலவு, குமாஸ்தாக்கள் என்றிருக்கும். கூட்டிப் பார்த்தால் தொகை வராது.

பலர் இந்த இடத்தில் ‘வெறும் போலித்தனம்’ என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். 2009இல் தென் கரோலினாவில் நடந்த கூட்டம் ஒன்றில் ஒருவர், ‘என் மெடிகேர் மேல் அரசாங்கம் கை வைக்கக் கூடாது’ என்று தன் தொகுதி எம்.பி.யிடம் சொன்னார். மெடிகேரே அரசாங்கத் திட்டம் என்று ஊரே சிரித்தது. அவருடைய சம்பளச் சீட்டைப் பாருங்கள்: சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், மெடிகேருக்கு 1.45 சதவீதம் என்று பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவர் கணக்கில் அது சீட்டுப் பணம், தர்மம் அல்ல. டாக்டர் கட்டணத்துக்கான பிரிவில் பெரும்பங்கு பொது வரியிலிருந்து வருவது அந்தச் சம்பளச் சீட்டில் தெரியாது. உழைத்தவனுக்கு வருவது உரிமை, உழைக்காதவனுக்குப் போவது பெரிய அரசாங்கம். இதுதான் உள்ளே ஓடும் கோடு. ‘உழைக்காதவன்’ என்றதும் மனதில் எந்த நிறத்து முகம் வருகிறது என்பதில் அமெரிக்காவின் பழைய கணக்கு ஒளிந்திருக்கிறது.

‘மாநில உரிமை’ என்ற தொடரில் நாம்தான் அதிகம் வழுக்குவோம். 1969இல் மத்திய–மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழு அமைத்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல் இனிக்கும். அமெரிக்கத் தெற்கில் அது பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மறுத்தவர்களின் கோஷம். 1957இல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்களை அழைத்துப் போக அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. அதே தெற்கு 1850இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும்படி வட மாநிலங்களை ஃபெடரல் சட்டத்தால் நெரித்தது. அப்போது மாநில உரிமை நினைவுக்கு வரவில்லை. 2025 ஜூனில் கலிஃபோர்னியா கவர்னர் எதிர்த்தும் அந்த மாநிலத்தின் படையான நேஷனல் கார்டை டிரம்ப் தன் ஆணைக்குள் எடுத்துக்கொண்டபோது யார் கைதட்டினார்கள், யார் முணுமுணுத்தார்கள் என்று பாருங்கள். அரசாங்கம் சிறுக்க வேண்டும் என்பவரும், அது தன் கையில் இருக்க வேண்டும் என்பவரும் அங்கே பிரிந்துவிடுவார்கள்.

பழகிப் பார்க்க ஒரு வழக்கு. நெவாடாவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் ஃபெடரல் அரசுக்குச் சொந்தம். அங்கே மாடு வளர்க்கும் கிளைவன் பண்டி 1993இலிருந்து மேய்ச்சல் கட்டணம் கட்டவில்லை. பாலைவன ஆமையைக் காக்க வந்த விதிகள் தகராறைக் கிளப்பிவிட்டன. 2014இல் கட்டணம் ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் மாதம் 1.35 டாலர்தான். தனியார் நிலத்தில் அதைப் போலப் பல மடங்கு. அவர் பாக்கியோ அபராதத்தோடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. ஏப்ரலில் மாடுகளைப் பிடிக்க அதிகாரிகள் வந்தார்கள், ஆயுதக் குழுக்களும் வந்தன, பிடித்த மாடுகள் திரும்ப அவிழ்த்து விடப்பட்டன. முதல் இரண்டு கேள்விகளையும் இதில் போட்டுப் பாருங்கள். எந்த அரசாங்கம்? வாஷிங்டன்தான். நெவாடாவின் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்றார் பண்டி. எந்தக் கை? பிடுங்குகிற கையும் அடிக்கிற கையும். மலிவு மேய்ச்சல் என்ற கொடுக்கிற கை அவர் பேச்சில் வரவே இல்லை. அவர் நம்பிய அந்த நெவாடாவின் சாசனமோ, தன் முதல் பிரிவிலேயே, குடிமக்களின் தலையாய விசுவாசம் ஃபெடரல் அரசுக்கே என்று எழுதி வைத்திருக்கிறது.