‘சஃபர்’ என்னும் ஆங்கில வினைச்சொல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துன்பத்தை அனுபவிப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் நாம் அடிக்கடி எடுத்தாளும் வினைச்சொல் ‘சஃபர்’. விடுப்புக் கடிதம் முதல் அலுவலக அறிக்கை வரை வரும் இச்சொல்லில் நேரும் பிழைகள் பலவும், தமிழ் வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை அமைப்பதால் வருபவை.

அவற்றில் முதன்மையானது ‘ஐ வாஸ் சஃபர்ட்’ என்று எழுதுவது. ‘அவதிப்பட்டேன்’, ‘துன்பப்பட்டேன்’ என்பவற்றில் உள்ள ‘படு’ என்னும் துணைவினையே ‘எழுதப்பட்டது’ போன்ற செயப்பாட்டு வினைகளிலும் வருவதால், ஆங்கிலத்திலும் ‘வாஸ்’ தேவை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் ‘சஃபர்’ என்பதன் எழுவாயே துன்பத்தை அனுபவிப்பவர்தான் என்பதால் ‘ஐ சஃபர்ட்’ என்பதே போதும். ‘ஐ வாஸ் சஃபரிங்’ சரியானது. அங்கே ‘வாஸ்’ தொடர்ந்து நிகழ்ந்ததைக் காட்டுகிறது. ‘தி லாசஸ் சஃபர்ட் பை தி கம்பெனி’ என்ற தொடரும் சரியே, ஏனெனில் அதில் ‘சஃபர்ட்’ என்பது நிறுவனத்தை அல்லாமல், அது அடைந்த இழப்புகளையே விளக்குகிறது.

தமிழில் ‘துன்புறு’ என்பதற்குத் ‘துன்புறுத்து’ என்ற இணை உண்டு. ‘சஃபர்’ என்பதற்கு அப்படி ஓர் இணை இல்லை. ஆகவே ‘அவர் என்னைத் துன்புறுத்தினார்’ என்பதை ‘ஹி சஃபர்ட் மி’ என்று எழுதலாகாது. ‘ஹி மேட் மி சஃபர்’ என்க. இங்கே ‘மேட்’ வருவதால், ‘சஃபர்’ என்பதற்கு முன் ‘டு’ சேர்த்து ‘ஹி மேட் மி டு சஃபர்’ என்பதும் பிழை.

அடுத்து, ‘ஃப்ரம்’ எங்கே வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். நீரிழிவு, ஆஸ்துமா, ஓயாத தலைவலி என நீடிக்கும் நோய்களுக்கு ‘சஃபர் ஃப்ரம்’ பொருந்தும். தோல்வி, இழப்பு, காயம், மாரடைப்பு போல ஒருவருக்கு நேர்ந்துவிடும் நிகழ்வுகளை ‘ஃப்ரம்’ இல்லாமல் நேரடியாகச் சேர்ப்பதே வழக்கம்: ‘ஹி சஃபர்ட் எ ஹார்ட் அட்டாக்’. நோயின் பெயருக்கு முன் ‘பை’ வராது.

மூன்று நாளாகக் காய்ச்சல் என்று எழுதும்போது ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்’ என்பது கடிதங்களில் பழகிப்போன பிழை. கால அளவுக்கு ‘ஃபார்’ வர வேண்டும். தொடங்கிய நாளைச் சொன்னால் மட்டுமே ‘சின்ஸ்’. எனவே ‘ஐ ஹாவ் பீன் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்பதே திருத்தமான வடிவம். சாதாரணச் சளிக்கு இவ்வளவு கனமான சொல் வேண்டியதில்லை. ‘ஐ ஹாவ் எ கோல்ட்’ என்பதே இயல்பு.

உயிரற்றவையும் எழுவாயாகலாம். ‘ஹிஸ் ஒர்க் சஃபர்ட்’ என்றால் வேலையின் தரம் குறைந்தது என்று பொருள். வேலையால் அவர் துன்புற்றார் என்று கொள்வது தவறு.

பழைய நூல்களைப் படிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கீழிருந்து சுமத்தல் என்ற கருத்துடைய லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததால், பொறுத்துக்கொள்ளுதல், அனுமதித்தல் ஆகிய பொருள்களும் இதற்கு உண்டு. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறும் இடத்தில் இச்சொல் ‘விடுங்கள்’ என்னும் பொருளிலேயே நிற்கிறது. குழந்தைகளின் துன்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்றும் வழங்கும் ‘ஹி டஸ் நாட் சஃபர் ஃபூல்ஸ் கிளாட்லி’ என்பதும், அறிவற்ற பேச்சையும் செயலையும் அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார் என்றே பொருள்படும்.